வரிசையில் நின்றதும்

சாட்ஸ்வொர்த், இரவு ஒன்பதரை.
பத்து மணிக்கு மின்வெட்டு.
கிளினிக் வரிசைக்கான நிரலில்
நோயாளி என்றொரு வகுப்பு எழுதி
முதல் ஆளை அச்சிடச் சொன்னேன்.
திரையில் வந்தது:
நோயாளிப் பொருள், இருப்பிடம்
பூஜ்யம் எக்ஸ் ஏழு எஃப் மூன்று ஏ.

பைத்தானைக் குறை சொல்ல முடியாது.
இவர்களை எப்படிக் காட்டுவது என்று
நான் சொல்லவில்லை,
தெரிந்ததைச் சொன்னது.

இரு பக்கமும் இரட்டை அடிக்கோடு, நடுவே ஸ்டர்.
பெயரைத் திருப்பிக் கொடு என்றேன்.
கொடுத்தது: லோகாம்பாள் கவெண்டர்.

சரியென்று முப்பது பேரையும்
ஒரே பட்டியலாக அச்சிட்டால்
மறுபடி எக்ஸ், ஏழு, எஃப்.
தனியே கேட்டால் பெயர் சொன்னவர்கள்
வரிசையில் நின்றதும் எண்ணாகிவிட்டார்கள்.
திங்கட்கிழமை காலை அங்கே போய்ப் பாருங்கள்,
அதேதான்.

பட்டியலுக்கு ரெப்ர் வேண்டுமாம்.
அதில் குழப்பம் கூடாது.
லோகாம்பாள் கவெண்டர் இருவர்,
ஒருத்தி யூனிட் மூன்று, ஒருத்தி ஏழு.
யூனிட்டைச் சேர்த்தேன்.
பிறந்த வருடம் சேர்த்தேன்.
விரல் போன வேகத்தில் நோயையும்.

ஓட்டினேன்.
பதினோராவது வரியில்
எங்கள் தெரு மீன்கடை குணசீலன்.
பக்கத்தில்,
நான் பார்த்திருக்கக் கூடாத மூன்றெழுத்து.

அந்த ஒரு சொல்லை அழித்தேன்.
பொருளுக்குள் அது இருக்கிறது,
மருந்து கொடுப்பவர் கேட்டால் கிடைக்கும்.
காட்டு என்று மட்டும் சொல்லவில்லை.

சேமித்தேன். விளக்கு போனது.

நாளை சனி.
ஷாட் மீன் வாங்கப் போக வேண்டும்.
என் முகத்துக்கு
இன்னும் எதுவும் எழுதவில்லை.