நான்காவது வாய்ப்பு

எங்கள் கல்லூரி வரலாற்றிலேயே
அதிக முறை பந்தை உதைத்தவன் நான்தான்.
ஒரே பருவத்தில் எண்பத்தேழு.
பழைய கணக்கு அறுபத்தொன்று;
அதை வைத்திருந்தவர் இப்போது
ஃபார்கோவில் பல் மருத்துவர்.
அட்டை ஒன்று அனுப்பியிருந்தார்:
'கொஞ்சம்தான் வலிக்கும்.'

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு:
பந்து முட்டை வடிவம்.
பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு.
மூன்றிலும் முட்டி விழுந்தபின்
என்னைக் கூப்பிடுவார்கள்.
நான் போய்
எதிராளியிடமே அதைக் கொடுத்துவிட்டு வருவேன்,
முடிந்தவரை தூரத்தில்.
ஜெயிக்கிற அணியில் என்னைப் போன்றவன்
ஹெல்மெட்டை மடியில் வைத்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பான்.

எனக்குப் பந்தை எறிபவன் எஸ்ரா.
குனிந்து, தன் கால்களுக்கு நடுவே,
பின்னோக்கி எறிவான்.
களத்தில் மூன்று மாதமும் அவன் என்னைப் பார்த்தது
தலைகீழாகத்தான்.
ஸ்கோர் பலகையும் அப்படியே தெரியுமாம்.
"அங்கேருந்து பாத்தா நமக்கு ஆறு இல்ல, ஒன்பது."
"சுழி?"
"சுழியை எப்படிப் புரட்டினாலும் சுழிதான்."

ஞாயிறு காலை சலவை அறையில்
லாரைன் சட்டைகளைப் பிரிப்பாள்.
புல், சேறு, ரத்தம், ஒருவனுடையதில் வாந்தி.
என்னுடையதை மட்டும் மோந்து பார்த்து
மடித்துத் திருப்பித் தருவாள்
துவைக்காமலே.
ஒரு விழுப்புண் இல்லாமல்
எல்லாப் போரிலும் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் சர்க்கரை பீட் அறுவடை.
ஊரில் பாதி லாரிகளில் இருந்தது.
முதலில் வானொலியில் எங்களைக் கேட்டார்கள்;
பிறகு வானொலியில் பாட்டுக் கேட்டார்கள்.
பெற்றோர்கள் வந்தார்கள்,
பெற்றோர்கள் என்பதால்.
டிரம் அடிக்கும் ப்ரீட்டா
கடைசி நொடிவரை விடாமல் அடித்தாள்.
அவளுடைய உதவித்தொகை அப்படி.

ஏழாவது ஆட்டத்தில் ஒரு விபத்து:
இடைவேளையில் நாங்கள் முன்னால் இருந்தோம்.
ஏழுக்கு மூன்று.
உடை மாற்றும் அறையில் யாரும் உட்காரவில்லை.
பயிற்சியாளர் ஹால்வர்சன்
வெள்ளைப் பலகைமுன் நின்று
பேனாவைத் திறந்தார், மூடினார்.
பின்தங்கியவர்களுக்கென்று
ஆறு உரைகள் வைத்திருந்தார்,
ஆறும் எங்களுக்கு மனப்பாடம்.
இதற்கு ஒன்றும் இல்லை.
"தண்ணி குடிங்கடா" என்றார்.
குடித்தோம்.
முடிவில் ஏழுக்கு முப்பத்தொன்று.

நவம்பர். கடைசி ஆட்டம். பனி
கோடுகளை மூடிக்கொண்டே இருந்தது.
ஒருவர் துடைப்பத்தோடு ஓடிவந்து
எல்லையைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்;
திரும்பிப் பார்ப்பதற்குள் தொலைந்துவிடும்.
இரண்டு நிமிடம் பாக்கி.
பதினேழு புள்ளி பின்னால்.
நான்காவது வாய்ப்பு.
பழக்கத்தில் ஓடத் தொடங்கிவிட்டேன்.
ஹால்வர்சன் என் முதுகுத் துணியைப் பிடித்து நிறுத்தினார்.
"இரு. போய்ப் பாக்கட்டும்."

கால் சூடாகி நிற்க
முதல்முறை சும்மா நின்று பார்த்தேன்.
முதலாமாண்டுப் பையன் ஒருவன்
(மிலோஷ்; பெயரை அன்றுதான் கேட்டேன்)
பந்தை வயிற்றோடு அணைத்து
ஆட்கள் இருந்த பக்கமாகவே புகுந்தான்.
குவியல். குவியலிலிருந்து ஆவி.
நடுவர் சங்கிலி கேட்டார்.
இருமுனைக் கம்புகளைப் பனியில் ஊன்றி
விறைப்பாக இழுத்தார்கள்.
ப்ரீட்டாகூட நிறுத்திவிட்டாள்.

ஒரு சாண் குறைந்தது.
என் சாண் அல்ல, எஸ்ராவின் சாண்;
அவன் கை பெரிது.

பந்து அவர்களுடையதாயிற்று.
மிலோஷ் எழுந்திருக்கவில்லை.
அடிபடவில்லை, சும்மா படுத்திருந்தான்,
முகத்தில் பனி விழ விட்டுக்கொண்டு.
எனக்கு அங்கே வேலை இல்லை.
இருந்தும் போய்
அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன்.
மூக்கு என் தோளில் ஒழுகியது.

ஞாயிறு. லாரைன் என் சட்டையை விரித்தாள்.
"யாருடையது?"
"என்னுடையதில்லை."
மோந்து பார்க்கவில்லை.
தொட்டியில் போட்டு
குளிர்ந்த குழாயைத் திறந்தாள்.
ரத்தத்துக்குச் சுடுநீர் ஆகாதாம்.