விரிந்த கண்மணி

சொட்டு மருந்து விட்டு
கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள்.
பெரியம்மா ஒன்றைத் திறந்து
சுவர்ப் படத்தையே பார்த்திருந்தாள்.

டச்சுக்காரன் எவனோ
முந்நூற்றைம்பது வருடம் முன்னால் வரைந்ததாம்.
முக்கால் பங்கு மேகம்,
கீழே கொஞ்சம் பூமி, நாலு மாடு.
மேகம் கிழிந்த இடத்தில் இறங்கிய வெயில்
செவலையின் முதுகில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

"மடி கனத்து நிக்குது, இன்னும் கறக்கலை" என்றாள்.
வெகுநேரம் கழித்து,
"மாட்டுக்கு இவ்ளோ வெளிச்சம் ஊத்தினவன்
மேய்க்கிறவனுக்கு ஒரு மூஞ்சி வெச்சிருக்கலாம்."
எழுந்துபோய்ப் பார்த்தேன்.
பழுப்பாய் ஒரு தீற்றல்.
தொப்பிக்குக் கீழே ஒன்றுமில்லை.

காட்பாடி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வாங்கினாள்.
பாலாற்றுப் பாலம் ஏறியதும்
மேற்கே மேகம் பிளந்தது.
மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய தண்ணீர்
புதுத் தகரமாய் எரிய,
முந்தானையை இழுத்து நெற்றிக்குக் குறுக்கே பிடித்தாள்.
கோரைக்கு நடுவே எருமைகள்.
பின்னால் ஓர் ஆள்,
எனக்கு வெறும் கறுப்புக் கோடு.

"நம்ம வேடியப்பன்."
"எப்படித் தெரியுது?"
"இடது காலைத் தாங்குறான் பாரு.
அந்த ஆணியை எடுத்துக்கடான்னா
கேக்கறானா?"