வெள்ளிக்கிழமைக் கறுப்பு

மங்கலம் ரோட்டுச் சாயக்கழிவு ஆலைக்கு
உடம்பு இரண்டு.
ஒன்று வெளியே நிற்கிறது:
பதினோரு தொட்டி, நாற்பது பம்பு,
குளித்தாலும் கழுத்தோரம் தங்குகிற நாற்றம்.
மற்றது என் மேசைக்கடியில்
சோற்றுப் போசி அளவுப் பெட்டிக்குள்,
விசிறி இரைய.
அதில் சொட்டு ஈரமில்லை.
கணக்கு மட்டும் ஓடுகிறது:
வந்த தண்ணீர், போன தண்ணீர், மீந்த தண்ணீர்.

நேற்றிரவு அந்தப் பெட்டிக்குள்
நொய்யலை முப்பத்தேழு தடவை நாசம் செய்தேன்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் முரட்டுத் திருட்டு.
பம்பை நிறுத்தினேன்; நாலாவது நொடி மணி அலறியது.
வால்வை மெல்ல மெல்ல,
தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து
செல்போனை உருவுவதுபோல் திறந்தேன்.
கணக்கு இடித்தது. அதுவும் மாட்டிக்கொண்டது.

அப்புறம்தான் இந்த யோசனை:
ஒரு செவ்வாய்க்கிழமையை முழுசாய்ப் பதிந்து
வெள்ளிக்கிழமை இரவில் ஓட்டினேன்.
திரையில் செவ்வாய். தொட்டியில் வெள்ளி.
திரை அறுபத்திரண்டு சதம் என்கிறது;
தொட்டி விளிம்பு தாண்டி
வாய்க்காலைத் தேடிப் போகிறது.
மணி அடிக்கவில்லை.
செவ்வாய்க்கிழமையின் கணக்கு
செவ்வாய்க்கிழமைக்குச் சரிதானே.
நான் எழுதி நிறுத்திய காவல் அத்தனையும்
பொய்க்கு சல்யூட் அடித்து நின்றது.

பெருமையும் பயமும் ஒரே டம்ளரில்.

தபன் ஜெனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.
இருபத்துமூன்று வயசு, பாலேஸ்வர் பக்கம்,
நாலு வருசத்தில் எங்களைவிட நன்றாக
'ங்' போடக் கற்றவன்.
விசயத்தைச் சொல்லவில்லை; ஷிப்டு பார் என்றேன்.
காதில் ஒயர், கையில் முறுக்கு,
இருபது நிமிசம் பார்த்தான்.

"ஏனுங் மேடம், இது இன்னைக்கு இல்லீங்."
"எப்படித் தெரியும்?"
"வெள்ளிக்கிழமை கறுப்பு ஓடுமுங்.
கறுப்புக்கு உப்பு சாஸ்திங்.
ஒம்பது மணிக்கு உப்பு எகிறோணும்.
இது பச்சத்தண்ணியாட்டக் கெடக்குதுங்."

ஆயிரத்து நானூறு சமன்பாடு வைத்திருந்தேன்.
கறுப்பை வைக்கவில்லை.

மறுநாள் எழுபது சாயப்பட்டறைக்கும் போன் போட்டு
எந்த ராத்திரி எந்த நிறம் என்று கேட்டு எழுதினேன்.
மெரூன், நேவி,
எந்த நாட்டுக் குழந்தைக்கோ வெளிர் மஞ்சள்.
"இன்கம்டாக்ஸா?" என்று ஒருவர் லைனைத் துண்டித்தார்.
கறுப்பு தெரிந்த பெட்டி
செவ்வாயை ஆறே நிமிசத்தில் பிடித்தது.
உடனே இன்னொரு திருடனைச் செய்யத் தொடங்கினேன்.
அவனுக்கும் கறுப்பு தெரியும்.

ஆலைத் தலைவர் கதிர்நாயகம் பில்லைப் பார்த்தார்.
"வராத திருடனுக்கா இத்தனை லட்சம்?"
பதில் சொல்லாமல்
கண்ட்ரோல் ரூம் திரையோரம் ஒட்டியிருந்த
மஞ்சள் துண்டைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தேன்.
கடவுச்சொல். அவருடைய கார் நம்பர்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்.
எவனும் ஊடுருவாத காலத்திலேயே,
இங்கே ஒரு ஒயர்கூட இழுக்காத காலத்திலேயே,
இந்த ஆற்றுக்கு நாங்கள்
தினம் ஒரு நிறம் போட்டுப் பார்த்தவர்கள்.
அந்தத் தாக்குதலுக்கு என் பெட்டியில் பெயர் இல்லை.

விடிகாலை பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
தண்ணீர், தண்ணீர் நிறத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.
முப்பத்தேழு முறை கொன்றவள் எட்டிப் பார்ப்பதை
அது பொருட்படுத்தவில்லை.
ஹெல்மெட்டை மாட்டினேன்.
தபனுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு
வாங்கித் தர வேண்டும்.