ஈரம் கழித்து

ஊரடங்கில் நெல்லுக்குப் பாஸ் இருந்தது.
எனக்கு இல்லை.
கேதாரநாதனின் லொறியில்
நாற்பத்தொரு மூட்டைக்கு மேல்
நாற்பத்திரண்டாவதாய்க் குந்தியிருந்தேன்,
நெடுங்கேணியிலிருந்து.

மெசினில் படுத்து ஒன்பது நாள்.
கால் தடித்துச் செருப்புக்குள் போகவில்லை.
போன கிழமை சீவரத்தினம் மூச்சு முட்டிப் போனான்,
செத்தவீட்டுக்கும் விடவில்லை.
வழியில் குளம் தளும்பிக் கிடந்தது.
எனக்கு நாளுக்கு அரை லீற்றர்.

ஓமந்தையில் மறித்த ஆமிப் பெடியன்
மூட்டைகளை எண்ணினான்.
பிறகு என் இடக்கையைப் பிடித்து,
ஊசி ஏறி ஏறி முண்டு கட்டிய நரம்பில்
விரல் வைத்தான்,
இரைகிற இடம் தெரிந்தவன் வைக்கிற மாதிரி.
"பதவியாவில தாத்தா" என்றான்.
அவர்கள் பாஷையில் அது அப்பா.
தடியைத் தூக்கினான்.

வவுனியா மில்காரன்
ஈரமென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தான்.
கேதாரன் தொண்டை கிழியச் சண்டை பிடித்தான்.

ஆஸ்பத்திரித் தராசில் நான் ஏறினேன்.
"ஐயா, ஆறு கிலோ தண்ணி."
வடிவாக் கழியுங்கோ மிஸ்ஸி,
நான் ஒண்டும் கதைக்க மாட்டன்.