வெறும் வளைவு

நார்வேத் துறைமுகத்தில் மீன் ஏற்றி
பின்லாந்துக்குள் இறங்கும்போது
மணி மூன்று.
பகலா இரவா என்று கேட்காதீர்கள்.
டிசம்பரில் இங்கே எல்லா மூன்றும் ஒன்றுதான்.

முன்கண்ணாடிக்குக் கீழே கைபேசி,
அதில் ஒரு மஞ்சள் பொத்தான்.
சாலையோரம் பனிமானைக் கண்டால் அழுத்த வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
ஒன்றா மந்தையா என்று அது கேட்காது,
பெயர் கேட்காது.
பின்னால் வரும் லாரிகள்
அந்த இடத்தை நெருங்கும்போது
டிங், டிங்.
ஒரு மணி நேரத்தில்
எச்சரிக்கை தானாகவே செத்துப்போகும்.
மான் மட்டும் அதுவரை நிற்குமா என்ன?

முன்னே போனவர் யாரென்று தெரியாது,
பின்னே வருபவரையும் தெரியாது.
இருட்டில் ஒருவர் தோளை ஒருவர் தொட்டு
'பார்த்து' என்று சொல்லிக்கொண்டே
முந்நூறு கிலோமீட்டர் போகிறோம்.

முதல் குளிர்காலத்தில்
ஒவ்வொரு மணிக்கும் வேகத்தைக் குறைத்தேன்.
இனாரிக்குத் தெற்கே ஒரு வளைவு.
தினமும் தவறாமல் அங்கே டிங், டிங்.
இருபது டன் சால்மன் முதுகில் முட்ட
பிரேக்கை மெல்ல மிதித்து
ஊர்ந்து போய்ப் பார்த்தால்
நாலு பிர்ச் மரம், பனி,
என் விளக்கின் வெளிச்சம்.
ஒரு குளம்படிகூட இல்லை.
மூன்றாவது வாரம்
'புளுகுமூட்டை' என்று கைபேசியைத் திட்டினேன்.
நான்காவது வாரம் சத்தத்தை நிறுத்தினேன்.

அது ஓடவில்லை.
வெளிச்சம் ஏதோ தன்னிடம் பேச வந்ததுபோல்
தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றது.

பிறகுதான் பார்த்தேன்,
திரை மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது,
வாய் கட்டப்பட்டவன் கையாட்டுவதுபோல.

நாற்பது நிமிடத்தில்
பனிவண்டியில் வந்தார் ஹெய்க்கா.
மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி,
டார்ச் வெளிச்சத்தில் காதைத் திருப்பினார்.
மடலின் நுனியில் இரண்டு வெட்டு,
அடியில் ஒரு பிறை.
"என் மகளுடைய குறி" என்றார்.
குரலில் கோபம் இருந்திருந்தால்
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இழப்பீட்டுப் படிவத்தில்
பேனா உறைந்து எழுத மறுத்தது.
அதை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே
கேட்டார்:
"மணி அடித்ததா?"
"இல்லை" என்றேன்.
அது பொய்யில்லை.
தலையாட்டி எழுதிக்கொண்டார்.
ரைலி, நாற்பத்தாறு வயது,
எச்சரிக்கை ஒலிக்கவில்லை.

இரண்டு வருடமாக அந்த வளைவில்
மான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போகிறேன்.
தப்புதான், தெரியும்.
எனக்குப் பின்னால் எங்கேயோ
எஸ்தோனியாவுக்கு அவசரமாகப் போகும் ஒருவன்
மணி கேட்டு, வேகம் குறைத்து,
நாலு பிர்ச் மரத்தைப் பார்த்து
கைபேசியைத் திட்டுவான்.
எத்தனை தடவை திட்டியபின்
அவன் விரல் சத்தத்தைத் தேடிப் போகும்
என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்று, விரல் பொத்தான்மேல் இருக்கும்போதுதான்
முதல்முறையாகத் தோன்றியது:
அந்தக் குளிர்காலம் முழுக்க
எனக்கு முன்னே போய்
வெறும் வளைவில் மணி வைத்தது யார்,
எந்த இரவில்
அவர் கண்முன்னே
யாருடைய காதைத் திருப்பிப் பார்த்தார்கள்.