குறுக்குவெட்டு

முகவாய் வைக்கும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும்.
பிறகு நெற்றிப் பட்டை.
"பச்சைப் புள்ளியைப் பாருங்க. இமைக்காதீங்க."
காந்தி ரோட்டு லாட்ஜிலிருந்து
ஃபைலை மார்போடு அணைத்து வருகிறவர்களுக்கு
இதையே வங்காளத்தில் சொல்வேன்.
எனக்குத் தெரிந்த வங்காளம் மூன்றே வாக்கியம்:
நேராகப் பார், இமைக்காதே, முடிந்தது.
அதற்கே ஊர்க்காரியைக் கண்டதுபோல் சிரிப்பார்கள்.

பதினேழாம் டோக்கன், தணிகாசலம்.
வயது நாற்பத்தொன்று. டிப்பர் டிரைவர்.
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டினால்
ரோட்டின் வெள்ளைக்கோடு வளைகிறதாம்.
"மொதல்ல கான்ட்ராக்டர் மேலதாம்மா சந்தேகம்.
அப்புறம் வூட்டுக் கதவும் வளைஞ்சிது.
கதவை எவன் கான்ட்ராக்ட் எடுத்தான்?"

சிரித்தால் படம் கலையும்.
இரண்டு பேரும் அடக்கிக்கொண்டோம்.

சிவப்புக் கோடொன்று அவர் கண்ணுக்குள் இறங்கி நடந்தது.
ஊசி இல்லை, மருந்து இல்லை.
கிணற்றில் கல்லைப் போட்டுச்
சத்தம் வரும்வரை எண்ணுவோமே,
அப்படி ஒளியைப் போட்டு
அது திரும்பி வரும் தாமதத்தை எண்ணுகிறது மெஷின்.
கால் மில்லிமீட்டருக்குள் பத்து அடுக்கு
திரையில் வரிவரியாக விரிந்தது.
நடுவில், இருக்கவேண்டிய சின்னப் பள்ளத்துக்குப் பதில்
ஒரு மேடு.
மேட்டுக்கு அடியில் கறுப்பு.

"இன்னாம்மா தெரியுது?"
"டாக்டர் சொல்வாங்க."
எட்டு வருஷமாக எல்லாருக்கும் இதே பதில்.

அவர் கழுத்தை வளைத்துத் திரையைப் பார்த்தார்.
"பாலாத்துக் கரையாட்டமே கீது.
ராத்திரியில ஜேசிபி வெட்டினா, ஹெட்லைட்ல,
மணல், களி, சரளைன்னு இப்பிடித்தான்..."
ராத்திரி என்று சொல்லிவிட்டதற்காக
நிறுத்திக்கொண்டார்.
நான் விளக்கைப் போடப் போனேன்.
"அந்தக் கறுப்பு?"

சொல்லக்கூடாது. சொன்னேன்.
"தண்ணி."

"ஆத்துலயே இல்ல," என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"லோடு லோடா நாந்தான் அள்ளினேன். எனக்குள்ள எப்பிடி?"

மூன்று மாதம் கழித்து வந்தபோது
அதே கண்ணில் அதே இடத்தைத்
தானே தேடிப் பிடித்தது மெஷின்.
பழைய படத்தின் மேல் புதியதை வைத்துப் பார்த்தேன்.
மேடு அமர்ந்துவிட்டது.
டாக்டர் எழுதிக் கொடுத்தது தூக்கம்தான்.
"நைட்டு வண்டி வுட்டுட்டேன்மா. கோடு நேராயிடுச்சு.
வருமானந்தான் வளைஞ்சிடுச்சு."

இப்போது என் கதை. சின்னதுதான்.
காலை ஏழரைக்கு மெஷினைப் போட்டதும்
சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டும்.
யாரைக் கூப்பிடுவது?
என் வலது கண்ணையே கொடுப்பேன்,
பட்டனை எட்டி அழுத்திக்கொண்டு.
நரம்பிழையின் கனம், மைக்ரானில்:
சேர்ந்த வருஷம் தொண்ணூற்றேழு.
பிறகு தொண்ணூற்றாறு. தொண்ணூற்றிரண்டு.
கொரோனாவுக்குப் பிறகு எண்பத்தொன்பது.
போன வாரம் எண்பத்தைந்து.

நாலைந்து மைக்ரான் மெஷினே பொய் சொல்லும்,
அது எனக்குத் தெரியும்.
பொய் என்றால் இந்தப் பக்கமும் போகும், அந்தப் பக்கமும் போகும்.
இது எட்டு வருஷமாக
ஒரே பக்கம் போகிறது.

வலி இல்லை. கோடு வளையவில்லை.
காட்பாடி மேம்பாலத்தில் ஸ்கூட்டி ஓட்டுகிறேன்.
ஓரத்தில் இருந்து ஒரு ஷேர் ஆட்டோ
திடீரென்று முளைக்கிறது, அவ்வளவுதான்.
எல்லாருக்கும் முளைக்குமே என்று நினைத்தேன்.
தணிகாசலத்தின் தண்ணீர் வந்தது, வடிந்தது.
என்னிடமிருந்து போவது தண்ணீர் இல்லை.

அந்தப் படங்களை எல்லாம்
'டெஸ்ட்' என்ற பெயரில் சேமித்திருக்கிறேன்.
டெஸ்ட்டுக்கு வயது இல்லை, ஊர் இல்லை,
டெஸ்ட்டின் படத்தை எந்த டாக்டரும் திறப்பதில்லை.

இன்று கடைசி டோக்கன் போனபின்
அந்தப் பெயரை அழித்து அடித்தேன்:
சுகிர்தா. முப்பத்தாறு. லத்தேரி.
அடுத்த கட்டம், 'பார்க்கும் மருத்துவர்',
காலியாக இருக்கிறது.
அதில் கர்சர் இமைத்துக்கொண்டே இருக்கிறது.
அதனிடம் மட்டும்
இமைக்காதே என்று யாரும் சொல்வதில்லை.