வேறு நிறச் சட்டை

இரவு ஒன்றேகால்.
மூக்கையூரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது ஓர் இடத்தில்தான்:
தூண்டில் வளைவின் நுனியில்,
எரியாத விளக்குக் கம்பத்துக்கும்
சரிந்து கிடக்கும் பெரிய கல்லுக்கும் இடையே.
ஒரு போனைச் சுற்றிப் பதினோரு தலைகள்.
போன் வியாகுலத்துடையது,
அதனால் இன்றைக்கு அவன்தான் கலெக்டர்.
"யாரும் அசையாதீங்க, படம் அறுந்துரும்."

அங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறதாம்.
எதிரணியின் கொடி எந்த நாட்டுடையது
என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.
உயரம் மட்டும் தெரிகிறது.

எங்கள் டெல்சியா குட்டை.
எல்லோரும் நீலம், அவள் மட்டும் மஞ்சள்.
"நம்ம பிள்ளைக்கு மட்டும் சட்டை பத்தலயா?"
பாசி எடுக்கப் போய்ப் பாறை கிழித்த,
துணி சுற்றிய விரலால் அவள் அம்மா
திரையைத் தொட, ஆட்டம் நின்றுபோய்
பத்துப் பேர் கத்த,
வியாகுலம் மறுபடி ஓடவிட்டான்.
அது லிபெரோ, சித்தி, என்றேன்.
வலைக்கிட்ட அடிக்கக் கூடாது. தடுக்கவும் கூடாது.
கீழே விழப்போறத விழாமப் பாத்துக்கணும்.
"அப்ப வீட்டு வேலைதான்" என்றாள்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் எங்கள் கோர்ட்.
கிழிந்த வலை, கோடுகளுக்கு இற்றுப்போன படகுக் கயிறு.
காற்று கிளம்பிய நாளில் பந்து கடலுக்குப் போகும்,
விட்டவள்தான் நீந்தி எடுக்க வேண்டும்.
நீந்தச் சோம்பல்பட்டே டெல்சியா பாயக் கற்றாள்.
மணல் மன்னிக்கும்,
கன்னத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.
அந்த ஊர்த் தரை அப்படியில்லை.
முந்தாநாள் போட்டோவில் தாடையில் மூன்று தையல்.

தேர்வுப் பட்டியலில் என் பெயரும் இருந்தது.
பிறப்புச் சான்றிதழில் ஒரு ஜெர்லின்,
பள்ளிக்கூடத்தில் ஜெர்லின் மேரி,
ஆதாரில் அந்த மேரிக்கு ஓர் எழுத்து அதிகம்.
ராமநாதபுரத்துக்கு ஏழு நடை,
மதுரைக்கு இரண்டு.
எழுத்து திருந்தி வந்தபோது
விமானம் போய் நாலு நாள்.
இப்போது பகலில் ஐஸ் பார் எண்ணுகிறேன்.
விரல் மரத்துப்போகும். செட்டருக்கு விரல்தான் எல்லாம்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாவது செட். பதிமூன்று, பதினாலு.
அந்த நெட்டைப் பெண் எழும்பி அடித்தாள்.
மஞ்சள் பாய்ந்தது.
தரையோடு தரையாக விரிந்த உள்ளங்கை,
அதன்மேல் பந்து,

படம் நின்றது.
நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எடுத்துட்டா!"
"போடா, தரை தொட்டிருச்சு."
வியாகுலம் போனைத் தலைக்குமேல் தூக்கி
நாலு திசைக்கும் காட்டினான், பூசையில் போல.
கீழே ஏதோ வள்ளம் மோட்டாரை முடுக்கியது.
அவன் கை இறங்கியபோது
நான் பந்தைப் பார்க்கவில்லை.
ஏழாம் நம்பரைப் பார்த்தேன்.
வலதுபக்கம் பார்த்து நிற்கிறாள்.
டெல்சியா எழுப்பும் பந்து எப்போதும் இடதுபக்கம் சாயும்.
அது அவளுக்குத் தெரியாது, பாவம்.
என் கால் தானாக
கல்மேல் இடதுபக்கம் ஓரடி வைத்தது.

படம் திரும்பி வந்தபோது
யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.
பதிமூன்று, பதினைந்து.
வியாகுலம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
"எடுத்தாளா, இல்லையா?" சித்தி கேட்டாள்.
எடுத்தா.
"அப்ப சரி."
சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.
நாலரைக்கு நீர் வற்றும், அவளுக்கு வேலை இருக்கிறது.

மூன்று மணிக்கு ஒரு குரல் பதிவு வந்தது, எட்டு நொடி.
பின்னால் ஒரே இரைச்சல், அறிவிப்பு, கைதட்டல்.
"எடுத்தேன்டி. பந்து எழும்பிருச்சு.
அங்கன ஒருத்தியும் இல்ல."

என்னென்னவோ தட்டினேன், அழித்தேன்.
கடைசியில் போனது இதுதான்:
அந்த மஞ்சச் சட்டையத் துவைக்காமக் கொண்டா.
உங்கம்மா பாக்கணுமாம்.